மதுரையில் மனநல ஆலோசகரைத் தேடும்போது: முதலில் யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 29 வயது. வில்லாபுரத்தில் இருக்கிறேன், ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. விடியக்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது. யாரிடமாவது பேசினால் தேவலை போலிருக்கிறது. இணையத்தில் தேடினால் மதுரையிலேயே ஏகப்பட்ட கவுன்சலிங் சென்டர்கள் வருகின்றன. யாரை நம்பிப் போவது? அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தெரியாமல் போக முடியுமா? மாத்திரை கொடுத்து அடிமையாக்கிவிடுவார்களா?

பதில்:

போக முடியும். அடிமையாக்க மாட்டார்கள். விவரம் கீழே வருகிறது என்றாலும் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு பயத்தாலேயே மாசக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மதுரையில் மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளராக நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான்.

நான் பார்த்த வரையில் இந்த ஊரில் பார்ப்பதற்கு ஆளே இல்லாமல் போவதில்லை. தன் பிரச்சினைக்குப் பொருந்தாத ஆளிடம் முதலில் போய்விடுவதுதான் நடக்கிறது. மருந்து தேவைப்படுகிறவர் வெறும் அறிவுரை சொல்கிறவரிடம் போகிறார். பேசினாலே போதும் என்கிற நிலையில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதித் தருகிற இடத்துக்குப் போகிறார். இரண்டு பேருமே "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் அவர்களை மறுபடி கிளப்ப ஒரு வருடம் ஆகிவிடும். அதனால் மதுரையிலேயே பெரிய ஆள் யார் என்று தேடாதீர்கள். இப்போது உங்களுக்கு எந்த மாதிரி ஆள் தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநலத்தில் எம்.டி., டி.பி.எம்., டி.என்.பி. என்று ஏதாவது ஒன்றைப் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், தேவைப்பட்டால் வார்டில் சேர்ப்பார். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், டாக்டர் இல்லை. மருந்து எழுத மாட்டார். உளவியலில் முதுகலை முடித்து அதற்கு மேல் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். போன்ற பயிற்சியை மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்து முடித்தவர். நீங்கள் தெரபி என்று நினைத்துக்கொண்டிருப்பது, அதாவது பேசிப் பேசியே மனசைச் சரிசெய்யும் பேச்சுச் சிகிச்சை, பெரும்பாலும் இவர் செய்யும் வேலைதான். எங்களைப் போன்ற மனநல சமூகப் பணியாளர்கள் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள். குடும்பம், வேலை, பணநெருக்கடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம், பேச்சுச் சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்களும் எங்களில் உண்டு.

கவுன்சலர் என்ற பெயரில்தான் எல்லாச் சிக்கலும். முறையாகப் படித்துப் பல வருடம் பயிற்சி எடுத்த அருமையான கவுன்சலர்கள் மதுரையில் இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போர்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருத்துவ உளவியலாளராக இருந்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடலாம். மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு இருக்க வேண்டும், அதையும் சரிபார்க்கலாம். கவுன்சலர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றவர்களை ஒழுங்குபடுத்த 2021இல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் போர்டைப் பார்த்த மாத்திரத்தில் நம்பலாம் என்கிற நிலைமை இன்னும் வரவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே, "மேடம் என்ன படிச்சிருக்காங்க? ஆர்.சி.ஐ. பதிவு இருக்கா? என்ன முறையில சிகிச்சை பண்றாங்க? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு ஃபீஸ்?" என்று நாலு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஒழுங்காகப் படித்தவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், பலர் சந்தோஷமாகவே சொல்வார்கள். "அதெல்லாம் நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்று மழுப்பினால் அந்த நம்பரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இன்னும் சில விஷயங்களைக் கண்டாலும் எழுந்து வந்துவிடலாம். மூன்றே அமர்வில் குணம் என்று உத்தரவாதம் தருவது. பத்து அமர்வுக்கும் சேர்த்து முன்பணம் கேட்பது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது. பிரச்சினைக்குக் காரணத்தை முற்பிறவியில் தேடுவது. "கல்யாணம் பண்ணிக்கிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வது. ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் 'மாற்றிக் காட்டுகிறேன்' என்பது. இந்தக் கடைசி விஷயத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தெளிவாகத் தடை செய்தது. மதுரையிலிருந்து போன இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடர்ந்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதுவதற்கு முன், தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் வேண்டும் என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். உயர் நீதிமன்ற நீதிபதி அப்படிப் போய் உட்கார்ந்ததை அந்த வருடம் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி உங்கள் விஷயம். அப்பா இறந்த துக்கம் நோய் இல்லை. எட்டு மாதம் கழித்தும் அழுகை வருவதில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண் நின்றது அந்த மூன்று மணி முழிப்பில்தான். படுத்தவுடன் தூக்கம் வராதது வேறு. தூங்கியபின் விடியக்காலையில் முழிப்பு வந்து, அதற்குமேல் தூக்கமே வராமல் அந்த நேரத்தில் மனசு மிகப் பாரமாக இருப்பது வேறு. இரண்டாவது வகை மனச்சோர்வு நோயில் அடிக்கடி வருகிற அறிகுறி. இதோடு சாப்பாடு குறைந்திருக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் இப்போது பிடிப்பு இல்லையா, எதற்கெடுத்தாலும் 'என்னாலதான்' என்று தோன்றுகிறதா, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட எல்லா நாளும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். துக்கத்தில் இருப்பவர் நடுநடுவே சிரிப்பார், அக்கா பிள்ளை வந்தால் மனசு கொஞ்சம் லேசாகும், அப்பா நினைவு வரும்போது மறுபடி அழுவார். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைக்காது.

அதனால் என் ஆலோசனை, ஒரே ஒரு தடவை முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அங்கிருந்து பேச்சுச் சிகிச்சைக்குப் போங்கள். மருத்துவரைப் பார்த்தாலே மாத்திரை என்று அர்த்தம் இல்லை. லேசான நிலையில் பேச்சுச் சிகிச்சையே போதும் என்று அவரே அனுப்புவார். அவரிடம் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவற்றிலும் இதே அசதியும் இதே சோர்வும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். கவுன்சலரிடம் நேராகப் போனால் இது தவறிப்போக வாய்ப்பு உண்டு.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மனசு சரியில்லை என்று சொல்ல வாய் வராது. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை கனமா இருக்கு, கைகால் ஓய்ஞ்சு போச்சு" என்றுதான் வரும். ஈ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்தபின் அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து நிற்பார்கள். அவர்கள் சொன்ன வலி பொய்யே இல்லை. யாராவது உங்களிடம் "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள்.

எங்கே போவது? பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோரிப்பாளையத்தை ஒட்டியிருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனை, மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள், மருந்து இலவசம். காலையில் சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும், கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். முதல் தடவை அரை நாள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அங்க போனா ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துருவாங்க" என்று பலர் தயங்குவார்கள். என் அனுபவத்தில் ரகசியத்துக்குப் பெரியாஸ்பத்திரியைப் போல வசதியான இடம் இல்லை. அது பொது மருத்துவமனை. வாசலில் யார் பார்த்தாலும் நீங்கள் காய்ச்சலுக்கு வந்தீர்களா, யாரையாவது பார்க்க வந்தீர்களா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரு முனையில் 'மனநல மையம்' என்று போர்டு போட்ட கட்டிடத்தில் ஏறி இறங்குவதை விட இது எவ்வளவோ மேல்.

அங்கே உள்ள ஒரே குறை நேரம். ஒரு காலைப் பொழுதில் அத்தனை பேரைப் பார்க்கும் மருத்துவரால் உங்களோடு முக்கால் மணி நேரம் உட்கார முடியாது. அதனால் நோயைக் கண்டறியவும் மருந்துக்கும் அரசு மருத்துவமனை, வாராவாரம் பேசுவதற்கு வெளியில் ஒரு உளவியலாளர் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சம்பளம் கட்டுப்படியாக வேண்டும் என்றால் இது நல்ல வழி.

உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாமல் அனுப்பானடிப் பக்கம் வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கே.கே. நகரில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கியது. நீண்ட நாள் மனநோயோடு இருப்பவர்களின் மறுவாழ்வில் தென்மாவட்டங்களில் பெரிய வேலை செய்தவர்கள். தீவிரமான நோயோடு வீட்டில் ஒருவர் இருக்கிற குடும்பங்களுக்கு அந்தப் பெயரைக் கட்டாயம் சொல்வேன். அண்ணாநகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு பக்கங்களில் தனியார் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். ஃபீஸ் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். எவ்வளவு முடியும் என்று நேராகச் சொல்லுங்கள். குறைத்து வாங்குகிறவர்களும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வரச்சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கம் இருந்தால் மதுரைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாட்டில் 1996இல் தொடங்கியது, தமிழ்நாட்டில் இப்போது எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. அந்தத் திட்டத்தின் மனநல மருத்துவக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். "மனநல டாக்டர் என்னைக்கு வருவாங்க?" என்று ஓ.பி. சீட்டு கொடுக்குமிடத்தில் கேட்டாலே சொல்வார்கள். இப்படி ஒன்று இருப்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு எப்போதும் ஆதங்கம்.

நேரில் போகத் தைரியம் வராவிட்டால் போனில் ஆரம்பியுங்கள். 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். விடியக்காலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் கூப்பிடலாம் என்பதற்காகவே உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் போனில் பேசுவது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். வீடியோவில் தெரபி செய்கிறவர்களிடம் போவதாக இருந்தாலும் அதே ஆர்.சி.ஐ. பதிவைப் பாருங்கள். கூடவே ஒன்று யோசியுங்கள்: ஒரே ஹாலும் சமையலறையும் இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசப்போகிறீர்கள்? மொட்டை மாடியில் நின்று அழுதபடி பேசுவதை விட பஸ் பிடித்து நேரில் போவது சுலபம்.

முதல் தடவை என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதி பயம். பெயர், வயது, வேலை கேட்பார்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்றும் கேட்பார்கள். பதறாதீர்கள், எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. உண்மையைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்டிவிட வேண்டும் என்பதும் இல்லை. சொல்லப் பிடிக்காத கேள்விக்கு "அதை அப்புறம் சொல்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பேச்சுச் சிகிச்சையில் அறிவுரை குறைவாகத்தான் இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்பா அம்மாவை இழந்து வருகிறவர்கள் பலர், "ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாரு" என்பார்கள். வீட்டில் இதைச் சொன்னால் "அப்படியெல்லாம் நினைக்காத" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பயிற்சி பெற்றவர் அப்படிச் செய்ய மாட்டார். "அந்த ரெண்டு நாள் முன்னாடி அப்பா எப்படி இருந்தாரு? என்ன சாப்பிட்டாரு? உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று அந்த நாளுக்கே உங்களைக் கூட்டிப்போவார். "சாதாரண வாயுத்தொல்லைன்னுதான் சொன்னாரு, டீ கேட்டு வாங்கிக் குடிச்சாரு" என்று சொல்லும்போது, அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது உங்கள் வாயாலேயே வெளியே வரும். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். இது ஒரே நாளில் நடக்காது. ஒரு நோட்டில் மூன்று மணி முழிப்பில் என்ன நினைப்பு வந்தது என்று எழுதச் சொல்வார், தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒழுங்கு செய்யச் சொல்வார், விட்டுவிட்ட ஒரு சின்ன வேலையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் இருக்கும். மனச்சோர்வுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சி.பி.டி. என்று சொல்வது, எட்டிலிருந்து பதினாறு அமர்வு வரை போகலாம்.

மூன்று நாலு அமர்வு போனபிறகும் அவரிடம் பேச வாய் வரவில்லை, அவர் கவனிப்பதாகவே தெரியவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். இதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. "எனக்கு வேற ஒருத்தரப் பார்க்கலாம்னு தோணுது, யாரையாவது சொல்லுங்க" என்றால் நல்ல ஆள் அவரே பெயர் சொல்வார். ஆனால் முதல் அமர்வு முடிந்து வெளியே வரும்போது மனசு இன்னும் கனமாக இருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூடி வைத்ததைத் திறந்த அன்றைக்கு அப்படித்தான் இருக்கும்.

மாத்திரை. மனச்சோர்வுக்கு இப்போது பரவலாக எழுதப்படும் எஸ்ஸிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்றவை தூக்க மாத்திரை இல்லை, போதையும் தராது. சாப்பிட்ட அன்றைக்கே வேலை செய்யாது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் தெரியும், நன்றாகத் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வரும். பலன் பின்னால், தொல்லை முன்னால் என்பதால்தான் பலர் பத்தாம் நாளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். குமட்டல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும், அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். சரியானபிறகும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீங்கள் பயப்படும் அந்த அடிமைத்தனம் அல்ப்ராசோலம் போன்ற பதற்றத்துக்கான மருந்துகளை நாமாக மாதக்கணக்கில் விழுங்கினால் வரும். டாக்டர் அதைக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஒருபோதும் வாங்காதீர்கள்.

கரண்ட் வைத்துவிடுவார்களோ, கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் பலருக்கு உண்டு. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மின் அதிர்வு சிகிச்சை கடுமையான நிலைக்கு மட்டும் தருவது. மயக்க மருந்து இல்லாமல் அதைத் தரக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. உங்களைப் போல நடந்து வந்து ஓ.பி.யில் பார்த்துவிட்டுப் போகிறவர்களை யாரும் எங்கேயும் அடைத்து வைப்பதில்லை.

அதே சட்டம் நீங்கள் கேட்ட ரகசியத்தையும் காக்கிறது. உங்கள் நோயைப் பற்றிய விவரத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழ்நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்களுக்கு 29 வயது, அண்ணன் கையெழுத்து தேவையில்லை. போன் நம்பர் கொடுக்கும்போது உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள், வீட்டு நம்பர் வேண்டாம். ஆனால் மாத்திரை ஆரம்பித்தால் பையில் அது இருக்கும், ஒரு நாள் அம்மா கண்ணில் படும். அவர் தானாகக் கண்டுபிடிப்பதற்கு முன் யாராவது ஒருத்தரிடம், சித்தியிடமோ கூட வேலை பார்க்கும் தோழியிடமோ, சொல்லி வைப்பது நல்லது. உங்கள் அம்மாவும் புருஷனை இழந்து அதே எட்டு மாதத்தைக் கடந்துகொண்டிருக்கிறார். "மனசு சரியில்லன்னு டாக்டரப் பாத்தேம்மா, தூக்கம் வரத்தான் வைத்தியம்" என்று நீங்கள் ஆரம்பித்தால் அவர் திட்டுவதை விடத் தன் தூக்கத்தைப் பற்றிப் பேசவே வாய்ப்பு அதிகம். கல்யாணப் பேச்சில் இடைஞ்சலாகும் என்று அவர் பயந்தால், வைத்தியம் பார்க்காமல் விட்ட மனச்சோர்வுதான் பின்னால் பெரிய இடைஞ்சல் என்று டாக்டரையே சொல்லச் சொல்லலாம்.

அம்மா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனால் போய் வாருங்கள். கோரிப்பாளையம் தர்காவில் ஓதிவிட்டு வந்தாலும் நல்லதே. கும்பிடுவதால் மனசுக்குத் தெம்பு வந்தால் எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். யாராவது வேப்பிலையால் அடிக்கவோ கட்டி வைக்கவோ வந்தால் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். மதுரையிலிருந்து சில மணி நேரத் தூரம்தான். இந்தப் பக்கத்தில் மனநலத் துறையில் வேலை பார்க்கும் யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டோம். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை இன்று சட்டமே தடை செய்திருக்கிறது.

ஒரு விஷயத்தை உங்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். அந்த மூன்று மணிக்கு, அப்பா போன இடத்துக்கே போய்விடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் மேலே சொன்ன வரிசை எதையும் பார்க்காதீர்கள். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள், அம்மாவாக இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் ரகசியம் வேண்டாம். 14416க்குப் பேசுங்கள். சென்னையில் 1986இலிருந்து இதற்கென்றே நடக்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. கை ஏதாவது செய்துவிடும் போலிருந்தால் 108ஐக் கூப்பிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், அங்கே ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது.

அப்படி எதுவும் இல்லை என்றால் கடையில் வார லீவு கிடைக்கும் நாளைப் பார்த்து, காலையிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வியாபாரம் வந்துவிட்டால் உங்களுக்கு லீவு கிடைக்காது, அதற்குமுன் போய்விடுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதையும். நீங்கள் எங்களுக்கு எழுதிய அந்தக் கேள்வியையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தவுடன் வார்த்தை வராமல் போனால் அந்தத் தாளை அவரிடம் நீட்டினால் போதும்.